உகாண்டா போக ஐந்து வாரம்: எந்த ஊசி, எந்த நாள்?

கேள்வி: டாக்டர், நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இறுதி ஆண்டு படிக்கிறேன். வயது 22. வீடு சைதாப்பேட்டை. உகாண்டாவில் கம்பாலாவுக்கு அருகே ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. இன்னும் சரியாக ஐந்து வாரத்தில் விமானம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்று டிராவல்ஸில் சொன்னார்கள். ஆய்வகத்திலிருந்து வந்த படிவத்தில் ஹெபடைட்டிஸ் பி, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்தது) இரண்டு டோஸ், சின்னம்மை, காசநோய்ப் பரிசோதனை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. என் தடுப்பூசி அட்டை 2015 வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டோடு போய்விட்டது. 2017-இல் பள்ளியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்துப் பயந்து அம்மா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழாம் வகுப்பில் அம்மை போட்டது. பிளஸ் ஒன் படிக்கும்போது தெருநாய் கடித்து அரசு மருத்துவமனையில் முழுக் கோர்ஸ் ஊசி போட்டேன். அந்தச் சீட்டு மட்டும் போனில் போட்டோவாக இருக்கிறது. அம்மா தினமும் எபோலா என்று சொல்லிக் கவலைப்படுகிறார். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: முதலில் வாழ்த்துகள். மைக்ரோபயாலஜி படிக்கிறவருக்கு உகாண்டா ரொம்பப் பொருத்தமான இடம். ஜிகா வைரஸை 1947-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது என்டெபி அருகே உள்ள ஜிகா காட்டில் கூண்டில் வைத்திருந்த ஒரு குரங்கிடமிருந்துதான். அங்கே மஞ்சள் காய்ச்சலைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் அது கிடைத்தது. வெஸ்ட் நைல் வைரஸுக்குப் பெயர் வந்ததும் அந்த நாட்டின் ஒரு மாவட்டத்திலிருந்துதான். நீங்கள் இறங்கப்போகும் விமான நிலையமும் என்டெபியில்தான் இருக்கிறது.

ஐந்து வாரம் போதும். ஆனால் ஒரு நாள்கூட வீணாகாமல் இருந்தால்தான் போதும். இருபத்தைந்து வருடமாக வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு வருகிறேன். பெரும்பாலும் ஒரே தவறுதான். விமான நிலையத்தில் கேட்கும் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் கேட்க கவுன்ட்டரில் ஆள் இருக்கிறார். டைபாய்டு ஊசி போட்டாயா, மலேரியா மாத்திரை எடுத்தாயா என்று கேட்க எந்த நாட்டிலும் எந்தக் கவுன்ட்டரும் கிடையாது. உங்களைப் போன்றவர்களைப் படுக்கவைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

சரி, கேட்கும் ஊசியிலிருந்தே தொடங்குவோம், அதற்குத்தான் நாள்கணக்கு கறாரானது.

உகாண்டா தன் நாட்டுக்குள் வரும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கிறது. ஊசி போட்ட நாளிலிருந்து 10 நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். ஆறு நாளுக்கு முன் போட்டுக்கொண்டு விமான நிலையம் வரை போய், பெட்டியோடு திரும்பிவந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலை 11 முதல் உலக அளவில் அதுதான் விதி. பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்று யாராவது சொன்னால், அது பழைய கணக்கு.

திரும்பி வரும்போது நம் ஊரிலும் இதே அட்டையைக் கேட்பார்கள். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு நம் வீட்டுச் சம்ப்பிலும், மூடாத டிரம்மிலும், மொட்டை மாடித் தேங்காய் ஓட்டிலும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான். காய்ச்சலோடு ஒருவர் வந்து இறங்கி, அவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து வருபவர்களை ஆறு நாள் வரை தனிமையில் வைக்கிறார்கள். கடிபட்டதிலிருந்து காய்ச்சல் தெரிய மூன்று முதல் ஆறு நாள் ஆகும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை.

இந்த ஊசியை எந்த கிளினிக்கிலும் போட முடியாது, என்னாலும் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும்தான் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து பக்கம் கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட். துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நினைத்த நாளில் போய் நிற்காதீர்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். அதைக் கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மீந்தது வீண். அதனால் ஆட்களைச் சேர்த்து, குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் போடுவார்கள். இன்றே நாளும் பதிவும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

அட்டையை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகராமல் அங்கேயே படித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. கல்லூரிச் சான்றிதழில் ஓரெழுத்து இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அவசரத்தில் எழுதுபவர் இனிஷியலோடு எழுதிவிடுவார். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஊசியின் பேட்ச் எண், தேதி, போட்டவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். மாதத்தை எண்ணாக எழுதாமல் எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். 04-05 என்று இருந்தால் ஒரு நாட்டில் அது மே மாதம், இன்னொரு நாட்டில் ஏப்ரல். ஊசியே போடாமல் அட்டை மட்டும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உங்களைக் கடிக்க வரும் கொசுவிடம் முத்திரையைக் காட்ட முடியாது.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசி. கோழிக் கரு முட்டையில் வளர்ப்பது. அதனால் முட்டைக்குக் கடும் அலர்ஜி உள்ளவர்களுக்குப் போடுவதில்லை. வீட்டில் சைவம் என்றால் கேக், பேக்கரி பிஸ்கட் சாப்பிட்டு எப்போதாவது உடம்பு தடித்ததா, மூச்சுத் திணறியதா என்று யோசித்துப் பாருங்கள், சிலருக்கு முட்டை சாப்பிடாததாலேயே அலர்ஜி இருப்பது தெரியாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்பமா என்று அங்கே கேட்டால் சங்கடப்பட வேண்டாம், எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்விதான் அது. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒரு வாரம் கழித்து லேசான காய்ச்சல், உடம்பு வலி வந்தால் பயப்பட வேண்டாம்.

அம்மா இதை மஞ்சள் காமாலை ஊசி என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். என்னிடம் வரும் பத்தில் நான்கு அம்மாக்கள் அப்படித்தான் கேட்கிறார்கள், கீழாநெல்லி கொடுத்து அனுப்பினால் போதாதா என்று. மஞ்சள் காமாலை என்பது கண்ணும் தோலும் மஞ்சளாவது, அது ஓர் அறிகுறி. அதற்குக் காரணங்கள் பல, அவற்றில் ஹெபடைட்டிஸ் ஏ-யும் பி-யும் உண்டு. அவை இரண்டுக்கும் வேறு வேறு ஊசிகள் இருக்கின்றன, அவையும் உங்களுக்கு வேண்டும்.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருவோம். அட்டை போய்விட்டதே என்று நீங்கள் எழுதியதில் ஒரு பதற்றம் தெரிகிறது. அந்த டிசம்பரில் சைதாப்பேட்டையில் எத்தனை வீடுகளில் ரேஷன் கார்டும் ஜாதகமும் தடுப்பூசி அட்டையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் சேறாகிப் போயின என்று எனக்குத் தெரியும். இல்லாத அட்டையைத் தேடி ஒரு நாளையும் செலவழிக்காதீர்கள். பதிவு இல்லை என்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி போடலாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொரு டோஸால் கெடுதல் இல்லை. சிலவற்றுக்கு ரத்தப் பரிசோதனையே பதில் சொல்லிவிடும்.

அதனால் முதல் நாள், முதல் வேலை, ரத்தம் கொடுப்பது. ஊசி அதற்குப் பிறகுதான். இந்த வரிசை முக்கியம். ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்ட கையோடு அந்த நோய் இருக்கிறதா என்று பார்த்தால், ஊசியில் உள்ள புரதமே சில நாள் ரத்தத்தில் தெரிந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடலாம். காசநோய்ப் பரிசோதனையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள ஊசிக்குப் பிறகு சில வாரம் அதன் முடிவு தவறாக வரக்கூடும். அதை எம்.எம்.ஆர். போடுவதற்கு முன் அல்லது அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், உங்களிடம் அது இல்லை.

காசநோய்க்கு முன்கையில் குத்தி வீக்கத்தை அளக்கும் மான்டூ வேண்டாம், ரத்தத்தில் பார்க்கும் இக்ரா பரிசோதனையைக் கேளுங்கள். உங்கள் இடது தோளில் ஒரு தழும்பு இருக்குமே, பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி., அதனாலேயே சிலருக்கு மான்டூ வீங்கிவிடும். அங்கே இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தேவையில்லாமல் குழம்புவார்கள். பி.சி.ஜி. போட்டிருக்கிறேனே, பிறகு ஏன் பரிசோதனை என்று கேட்பீர்கள். குழந்தைகளைக் கொடிய காசநோயிலிருந்து அது காக்கும். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுப்பதில்லை என்று உலகத்துக்குக் காட்டியதே நம் பக்கத்து ஆய்வுதான், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கியது.

ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி-க்கு இரண்டு பரிசோதனை: நோய் இருக்கிறதா, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு. எதிர்ப்பு அளவு 10-க்கு மேல் இருந்தால் படிவத்தில் அந்த எண்ணை எழுதிக்கொள்ளலாம், வேலை முடிந்தது. நீங்கள் பிறந்த காலத்தில் அந்த ஊசி நாடு முழுக்க இலவசத் திட்டத்தில் சேரவில்லை, பெரும்பாலும் தனியார் குழந்தை மருத்துவரிடம் போயிருந்தால்தான் போட்டிருப்பீர்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல், ரத்தம் எடுத்த கையோடு முதல் டோஸைப் போட்டுவிடுவதே என் வழக்கம். வழக்கமான முறையில் இது ஆறு மாதக் கணக்கு. உங்களைப் போல் அவசரமாகப் போகிறவர்களுக்கு 0, 7, 21 என்று மூன்று வாரத்தில் மூன்று டோஸ் போட்டு, ஒரு வருடம் கழித்து நான்காவதைப் போடும் முறை இருக்கிறது. மற்றவர் ரத்தத்தைக் கையாளப் போகிறவருக்கு இந்த ஊசியில் சமரசமே கிடையாது.

சின்னம்மைக்கும் அதே ரத்தத்தில் ஒரு பரிசோதனை. ஏழாம் வகுப்பில் அம்மை போட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அம்மை? வேப்பிலையில் படுக்கவைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கோவிலுக்குக் கூழ் ஊற்றியதெல்லாம் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். நீர் கோத்த கொப்புளங்களா, மணல் தூவியதுபோல் சிவப்பா என்று கேட்டுப் பாருங்கள். கொப்புளம் என்றால் சின்னம்மை, மணல்போல் என்றால் தட்டம்மை. நம் வீடுகளில் இரண்டுக்கும் அம்மை என்ற ஒரே மரியாதையான பெயர், வெளிநாட்டுப் படிவத்துக்கு அது புரியாது. பரிசோதனையில் எதிர்ப்பு இருந்தால் அந்தத் தாளை இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சின்னம்மையும் உயிருள்ள ஊசி, அதை மற்ற இரண்டோடு எப்படி இணைப்பது என்று என்னிடம் மறுபடி கேளுங்கள்.

எம்.எம்.ஆர். தான் உங்கள் கணக்கில் கடினமானது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி போட்டிருப்பார்கள், அந்தக் காலத்தில் இலவசத் திட்டத்தில் அது ஒன்றே டோஸ். ஒரு வயதுக்கு முன் போட்டதை வெளிநாட்டு மருத்துவமனைகள் கணக்கில் சேர்ப்பதில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குப் போட்டதும் உங்களுக்கு இல்லை. போட்டிருந்தாலும் அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது, தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும்தான். ஆகையால் எப்படியும் இப்போது எம்.எம்.ஆர். போட்டிருக்கத்தான் வேண்டும்.

அதனால் அம்மாவிடம் அந்த 2017 கதையை எடுக்காதீர்கள். அந்த வாரம் என் கிளினிக்கிலும் போனை நீட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். எந்த ஊரிலோ பிள்ளை மயங்கி விழுந்தது என்று ஒரு செய்தி, அடியில் யார் பெயரும் இல்லாமல். படித்த பெற்றோர்களும் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். உங்கள் அம்மா உங்கள்மேல் உள்ள பயத்தில் செய்தது அது. நாங்கள் மருத்துவர்கள்தான் அந்தச் செய்தி ஓடிய வேகத்துக்கு ஓடிப்போய்ப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு டோஸுக்கு நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும். இரண்டு வேறு உயிருள்ள ஊசிகளை ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நான்கு வாரம் விட வேண்டும். நடுவில் போட்டால் முதலாவது தூண்டிய எதிர்ப்பு இரண்டாவதைச் சரியாக வேலை செய்யவிடாமல் போகலாம். மஞ்சள் காய்ச்சலுக்கும் எம்.எம்.ஆருக்கும் ஒரு மாத இடைவெளி விடுவதைத்தான் நான் விரும்புவேன், சில நாடுகளின் வழிகாட்டுதலும் அதுவே. உங்கள் நாட்காட்டியில் அதற்கு இடமில்லை. ஆகவே காலையில் கிண்டியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி, அன்றைக்கே மாலை மறு கையில் முதல் எம்.எம்.ஆர். அதே நாள், மறந்துவிடாதீர்கள். அடுத்த நாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நான்கு வாரம் போச்சு. 28 நாள் கழித்து இரண்டாவது எம்.எம்.ஆர்.

இதை நாளாக எழுதிப் பார்த்தால் இப்படி வரும். நாளை முதல் நாள் என்று வையுங்கள். ரத்தம், பிறகு ஹெபடைட்டிஸ் பி முதல் டோஸ், அதே நாளில் டைபாய்டும் ஹெபடைட்டிஸ் ஏ-யும். நான்காம் நாளுக்குள் கிண்டியும் முதல் எம்.எம்.ஆரும். எட்டாம் நாள் ஹெபடைட்டிஸ் பி இரண்டாவது, கூடவே டீடாப் எனும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்கும் சேர்ந்த பூஸ்டர். இருபத்திரண்டாம் நாள் ஹெபடைட்டிஸ் பி மூன்றாவது. முப்பத்திரண்டாம் நாள் இரண்டாவது எம்.எம்.ஆர். அதற்கு மூன்று நாள் கழித்து விமானம். கிண்டியில் நான்காம் நாளுக்குள் இடம் கிடைக்காவிட்டால் ஏழாம் நாள் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் இரண்டாவது எம்.எம்.ஆரை அங்கே போய்த்தான் போட வேண்டியிருக்கும், அதை இப்போதே ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். உயிரில்லாத ஊசிகளுக்கு இந்த இடைவெளிக் கட்டுப்பாடு இல்லை. ஒரே நாளில் மூன்று போட்டாலும் உடம்பு தாங்கும், கைதான் இரண்டு நாள் வலிக்கும்.

டைபாய்டுக்கு நம் ஹைதராபாத்தில் தயாராகும் கான்ஜுகேட் வகை ஊசி ஒரே டோஸ்தான், உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. ஹெபடைட்டிஸ் ஏ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் அம்மா தலைமுறைக்கு அது சிறுவயதிலேயே வந்து, தெரியாமலே போயிருக்கும். கேன் தண்ணீர் குடித்து வளர்ந்த உங்கள் தலைமுறையில் பலருக்கு அது வந்ததே இல்லை. இருபது வயதுக்கு மேல் வந்தால் ஒரு மாதம் படுக்கவைத்துவிடும். இப்போது ஒரு டோஸ், ஊர் திரும்பி ஆறு மாதம் ஆனதும் இன்னொன்று.

நாய்க்கடி விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிளஸ் ஒன்னில் போட்ட முழுக் கோர்ஸ் இன்றைக்கும் உங்கள் கணக்கில் இருக்கிறது. வெறிநாய்க்கடி நோய் உகாண்டாவில் இருக்கிறது, நம் ஊரைப் போலவே. புதிதாகப் போகிறவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போடச் சொல்வேன். உங்களுக்கு அது வேண்டாம். அங்கே நாயோ குரங்கோ கடித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று இரண்டு ஊசி போதும். காயத்தில் போடும் விலை உயர்ந்த இம்யூனோகுளோபுலின், பல ஊர்களில் கிடைக்கவே கிடைக்காதது, உங்களுக்குத் தேவையில்லை. அந்தச் சீட்டின் போட்டோவைப் பிரின்ட் எடுத்து பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

வேலை முடிந்து வட உகாண்டா பக்கம் சுற்றிப் பார்க்கப் போவீர்கள் என்றால், மெனிங்கோகாக்கல் எனும் மூளை உறைக் காய்ச்சலுக்கான ஊசி ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் ஜூன் வரையான வறண்ட மாதங்களில் அது முக்கியம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி பார்ப்பது. மருந்துக்கடையில் ஊசி மருந்தை வாங்கி, பாலிதீன் கவரில் இரண்டு ஐஸ் கட்டியோடு, பஸ்ஸில் நின்றுகொண்டே என் கிளினிக்குக்குக் கொண்டு வருவார்கள். வந்து சேரும்போது கவருக்குள் வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருக்கும். சென்னை வெயிலில் அப்படி வந்த மருந்தை நான் போடுவதில்லை. எங்கே ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்களோ அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நான் இந்தக் கடிதத்தில் எதற்காக அதிகம் கவலைப்படுகிறேனோ அந்த விஷயம். அதற்கு உங்களுக்குப் போட ஊசி இல்லை. மலேரியா.

சென்னையில் நாம் பார்க்கும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. குளிர் நடுக்கம், காய்ச்சல், மாத்திரை, ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அதனால் நமக்கு மலேரியா என்றால் பயமே போய்விட்டது. உகாண்டாவில் இருப்பது பால்சிபாரம், வருடம் முழுக்க. அது மூளையையும் சிறுநீரகத்தையும் சில நாட்களுக்குள் தாக்கும். சில வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஓர் இளைஞரை அவருடைய அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல். முதலில் பார்த்த இடத்தில் வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவரும் எங்கிருந்து வந்தேன் என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. என் மேஜை முன் உட்கார்ந்தபோது தம்பியின் பெயரைக் கேட்டேன், பதில் வர நேரமானது. அந்தத் தாமதம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றே ஐ.சி.யு.வில் சேர்த்து, பதினொரு நாள் கழித்து வீடு திரும்பினார். மாத்திரை எடுத்தாயா என்று கேட்டபோது, முதல் மாதம் எடுத்தேன் சார், கூட இருந்தவர்கள் யாரும் எடுக்கவில்லை, விட்டுவிட்டேன் என்றார்.

நீங்கள் அப்படி விட்டுவிடக் கூடாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிறுவயதிலிருந்து கடிபட்டுக் கடிபட்டு ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது, உங்களுக்கு அது இல்லை. குளோரோகுயின் அங்கே வேலைக்கு ஆகாது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் தொடங்கி, அங்கிருக்கும் வரை, திரும்பி வந்தபின் இன்னும் நான்கு வாரம். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. சாப்பிட்ட பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்குங்கள். விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருக்கும், முழுக்கைச் சட்டை நல்லது. வேறு மாத்திரைகளும் இருக்கின்றன, உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் நேரில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். மாத்திரை எடுத்தாலும் கொசுவலைக்குள்தான் தூக்கம். அங்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியம் "நான் உகாண்டா போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். தொண்டை வலி, தலைவலி எல்லாம் அதற்குப் பிறகு.

ஊசி இல்லாத இன்னும் இரண்டு. விக்டோரியா ஏரி பார்க்க அழகாக இருக்கும், இறங்கிக் குளிக்காதீர்கள். நத்தையிலிருந்து வரும் ஒரு புழு தோல் வழியாகவே உள்ளே போய்விடும். ஆய்வகத்தில் ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. அது எங்கே வைத்திருக்கிறார்கள், ராத்திரியில் யாரிடம் கேட்பது என்பதை வேலைக்குச் சேரும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் எபோலா பயம் அர்த்தமில்லாதது இல்லை. 2022 செப்டம்பரில் அங்கே பரவி, 2023 ஜனவரியில் முடிந்ததாக அறிவித்தார்கள். 2025 தொடக்கத்தில் கம்பாலாவிலேயே மறுபடி வந்து, ஏப்ரலில் அடங்கியது. இரண்டுமே சூடான் வகை வைரஸ், அதற்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆனால் அது காற்றில் வருவதில்லை. நோயின் அறிகுறி தெரியத் தொடங்கியவரின் ரத்தம், வாந்தி, வியர்வை படுவதால் வருவது. அப்படி ஒரு மாதிரி ஆய்வகத்துக்கு வந்தால் இன்டர்ன் மாணவி அதைத் தொடக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று இப்போதே கேட்டு, வரும் பதிலை அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். போகும் வாரத்தில் செய்தி பாருங்கள், பரவல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் ஒரு தவறும் இல்லை.

ஊசி எல்லாம் முடிந்ததும் மஞ்சள் அட்டை, ரத்த முடிவுகள், நாய்க்கடிச் சீட்டு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உங்கள் மெயிலில் ஒரு பிரதி, அம்மாவின் போனில் ஒரு பிரதி வையுங்கள். வீட்டில் வைக்கும் நகலை இந்த முறை பீரோவின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.